வங்கி கவிழ்ந்தால் பொறுப்பு யாருக்கு?

(புதுச்சேரியில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

வங்கி கவிழ்ந்தால் பொறுப்பு யாருக்கு என்பது இன்று நான் எடுத்துக்கொண்டிருக்கும் தலைப்பு. 2018 மார்ச் மாத முடிவில் நம் நாட்டு அரசு வங்கிகளின் வாராக்கடன் 8 லட்சத்து 96 ஆயிரம் கோடி ரூபாயைத் தொட்டு நின்றது. அந்த வங்கிகள் மூழ்கிவிடாமல் இருக்க, 2016-17 முதல் 2020-21 வரையிலான ஐந்து நிதியாண்டுகளில் மத்திய அரசு போட்ட மூலதனம் 3 லட்சத்து 10 ஆயிரம் கோடி. நாட்டின் மக்கள் தொகையால் வகுத்துப் பாருங்கள். கைக்குழந்தை உட்பட ஆளுக்கு 2,000 ரூபாய்க்கு மேல் வருகிறது. இது யார் பணம்? தீப்பெட்டி வாங்கும்போதும் வரி கட்டுகிற மக்களின் பணம். இதைக் கொடுத்தது தவறு என்று சொல்ல நான் வரவில்லை. கொடுத்தது சரி. கணக்குக் கேட்காமல் விட்டதுதான் தவறு. இந்த மாலையில் நான் சொல்லப்போவது முழுவதும் இந்த இரண்டுக்குள் அடங்கும்.

இந்தக் கேள்வி புதுவைக்குப் புதியதல்ல. 1716-இல் பாரிசில் ஜான் லா என்ற ஸ்காட்லாந்துக்காரர் ஒரு வங்கி தொடங்கினார். இரண்டே ஆண்டில் அது அரசரின் உத்தரவாதம் பெற்ற அரச வங்கி ஆயிற்று. 1719-இல் அவர் கையில் உருவான இந்தியக் கம்பெனியின் ஆளுகையில்தான் அன்றைய புதுச்சேரி இருந்தது. கம்பெனியின் பங்குகள் ஏறின. பங்கு வாங்க வங்கி நோட்டு அடித்தது. நோட்டு பெருகப் பெருகப் பங்கு மேலும் ஏறியது. 1720-இல் எல்லாம் சரிந்தது. லா நாட்டை விட்டு ஓடினார். 1729-இல் வெனிஸ் நகரில் இறந்தார். பிரான்சில் என்ன நடந்தது? நோட்டு வைத்திருந்த சாதாரண மக்கள் அந்தக் காகிதங்களை அதிகாரிகளிடம் கொண்டுபோய்க் காட்டி, எப்படி வந்தது என்று விளக்கம் சொல்லி, குறைக்கப்பட்ட தொகையை ஏற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. நோட்டு அடிக்க அனுமதி கொடுத்த அரசவை யாருக்கும் விளக்கம் சொல்லவில்லை. அந்த ஜான் லாவின் தம்பி மகன் ழான் லா தெ லொரிஸ்தோன் பின்னாளில் புதுச்சேரியின் ஆளுநராக வந்தார். நம் லாஸ்பேட்டை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. முந்நூறு ஆண்டுக்கு முந்தைய அந்தச் சரிவிலிருந்து நாம் கற்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு: ஓடிப்போனவர் மீது ஊர் முழுக்கக் கோபப்படும், உட்கார்ந்திருந்தவர்களை ஊர் மறந்துவிடும்.

நாமும் அதைத்தானே செய்தோம்? வாராக்கடன் என்றவுடன் நமக்கு நினைவுக்கு வரும் பெயர்கள் எவை? விஜய் மல்லையா, நீரவ் மோடி. 2016 மார்ச் 2-ஆம் தேதி மல்லையா நாட்டை விட்டுப் போனார். அவருடைய கிங்ஃபிஷர் நிறுவனம் வங்கிகளுக்கு வைத்த பாக்கி சுமார் 9,000 கோடி. நீரவ் மோடி சிக்கிய, 2018-இல் வெளிவந்த பஞ்சாப் நேஷனல் வங்கி மோசடி சுமார் 14,000 கோடி. இரண்டையும் கூட்டினால் 23,000 கோடி. மொத்த வாராக்கடனோ 8 லட்சத்து 96 ஆயிரம் கோடி. நூற்றுக்கு மூன்று கூட ஆகவில்லை! அவர்களைப் பிடித்து வந்து நிறுத்த வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் நூற்றில் மூன்றைப் பற்றி நாடு பத்தாண்டு பேசியது; மீதி தொண்ணூற்றேழைப் பற்றி யார் பேசினார்கள்? அந்தக் கடன்களை வாங்கியவர்களில் பெரும்பாலோர் எங்கும் ஓடவில்லை. அவற்றுக்குக் கையெழுத்திட்டவர்களும் ஓடவில்லை. மேற்பார்வை பார்த்தவர்களும் ஓடவில்லை. எல்லோரும் இங்கேயேதான் இருந்தார்கள்.

பொறுப்பைப் பேசுவதற்கு முன், மீட்டது ஏன் சரி என்பதைச் சொல்லிவிடுகிறேன். உங்களில் பலருக்கு ஒரு வேதனை இருக்கும். ரோடியர் மில் என்று நாம் அழைத்த ஏ.எஃப்.டி. ஆலை 1898-இல் தொடங்கி, தலைமுறை தலைமுறையாகப் புதுவைக்குச் சோறு போட்டது. 2020-இல் அது மூடப்பட்டது. ஆலைக்கு இல்லாத பணம் வங்கிக்கு மட்டும் எங்கிருந்து வந்தது என்று அந்தத் தொழிலாளி கேட்டால், அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் ஒரு வேறுபாடு உண்டு. ஆலை மூடினால் அதன் தொழிலாளர்களும் அவர்களை நம்பிய கடைக்காரர்களும் நசிகிறார்கள். வங்கி மூடினால் அதோடு சம்பந்தமே இல்லாத ஆலைகளுக்கும் சம்பளம் போட வழி இல்லாமல் போகிறது. அடுத்த வங்கியின் வாசலிலும் கூட்டம் சேர்கிறது. 1906 அக்டோபர் 22-ஆம் தேதி சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி என்ற வங்கி கதவைச் சாத்தியபோது, ஓய்வூதியக்காரர்களும் விதவைகளும் கோயில் அறக்கட்டளைகளும் ஒரே நாளில் வெறுங்கையாக நின்றார்கள். 1960-இல் கேரளத்தின் பாலை சென்ட்ரல் வங்கி விழுந்தபோதுதான் வைப்புத்தொகைக்குக் காப்பீடு வேண்டும் என்று அரசுக்கு உறைத்தது. 1962 ஜனவரி முதல் அந்தக் காப்பீடு நடைமுறைக்கு வந்தது. பாகூர் ஏரியின் கரை உடைந்தால் முதலில் மணல் மூட்டைதான் போடுவோம். கரையைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர் யார் என்று அந்த நேரத்தில் கேட்டுக்கொண்டிருக்க மாட்டோம். ஆனால் வெள்ளம் வடிந்த பிறகும் கேட்காவிட்டால்? அடுத்த மழைக்கு அதே இடத்தில் கரை உடையும்.

வெள்ளம் வடிந்துவிட்டது. இப்போது கேட்போம். யார் பொறுப்பு? முதலில், யார் பொறுப்பு இல்லை என்பதைத் தெளிவாக்குவோம். பணம் போட்டவர் பொறுப்பல்ல. சிறு கடன் வாங்கியவரும் பொறுப்பல்ல. 2018-இல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட நிதி நிலைத்தன்மை அறிக்கையைப் பாருங்கள். 5 கோடிக்கு மேல் கடன் வாங்கியவர்கள் வாங்கியது மொத்தக் கடனில் பாதிக்குச் சற்றே மேல்; வாராக்கடனிலோ அவர்கள் பங்கு நூற்றுக்கு 85. 2017 ஜூனில் திவால் சட்டத்தின் கீழ் அனுப்ப ரிசர்வ் வங்கி முதலில் அடையாளம் காட்டிய கணக்குகள் வெறும் 12. அந்தப் பன்னிரண்டிலேயே மொத்த வாராக்கடனில் கால் பங்கு இருந்தது. மகளிர் குழு வாங்கிய கடனும், மீன்பிடி வலைக்கு வாங்கிய கடனும், கல்விக் கடனும் இந்த நாட்டு வங்கிகளைக் கவிழ்க்கவில்லை. ஆனால் வசூலின் கடுமை யார் மீது விழுந்தது? மல்லையா விமானம் ஏறிய அதே வாரத்தில், தஞ்சை மாவட்டத்தில் டிராக்டர் கடனின் கடைசித் தவணைகளைக் கட்டாத ஒரு விவசாயியை வயலிலேயே அடித்து இழுத்துப் போனார்கள். அந்தக் காட்சியைத் தமிழகமே பார்த்தது. பொறுப்பு இல்லாதவர் மீது கை ஓங்கியதும், பொறுப்பு உள்ளவரிடம் கை கட்டி நின்றதும் ஒரே அமைப்புதான்.

அப்படியானால் பொறுப்பு உள்ளவர்கள் யார்? முதலில், தங்கள் பணத்தைப் போடாமல் வங்கிப் பணத்திலேயே ஆலையும் மின் நிலையமும் கட்டப் புறப்பட்ட பெருங்கடனாளிகள். அவர்களோடு சேர்த்து, அந்தத் திட்டங்களைச் சரிவர ஆராயாமல் ஒப்புதல் கொடுத்த வங்கித் தலைமைகள். ரிசர்வ் வங்கியின் முன்னாள் ஆளுநர் ரகுராம் ராஜன் 2018-இல் நாடாளுமன்ற மதிப்பீட்டுக் குழுவுக்கு எழுதிய குறிப்பில், வாராக்கடன்களில் கணிசமானவை 2006 முதல் 2008 வரை, நாடு வேகமாக வளர்ந்த காலத்தில் கொடுக்கப்பட்டவை என்று சொன்னார். நேற்று வளர்ந்தது போலவே நாளையும் வளரும் என்று வங்கிகள் நம்பின. பிறகு உலக நெருக்கடி வந்தது. நிலக்கரிச் சுரங்க ஒதுக்கீடுகளை 2014-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. திட்டங்கள் பாதியில் நின்றன. இதுவரை நடந்ததைக்கூடக் கணிப்புத் தவறு என்று மன்னிக்கலாம். அதன் பிறகு நடந்ததை மன்னிக்க முடியாது. வராத கடனை வந்துகொண்டிருப்பதாகக் காட்டப் பழைய கடனை அடைக்கப் புதுக் கடன் கொடுத்தார்கள். தவணையைத் தள்ளித் தள்ளி வைத்து, 'மறுசீரமைப்பு' என்று ஏட்டில் எழுதினார்கள். 2015-இல் ரிசர்வ் வங்கி ஏடுகளை விரித்துச் சோதித்த பிறகுதான் உண்மை வெளியே வந்தது. 2015 மார்ச்சில் 2 லட்சத்து 79 ஆயிரம் கோடியாக இருந்த அரசு வங்கிகளின் வாராக்கடன், மூன்றே ஆண்டில் மும்மடங்குக்கு மேல் ஆனது. ஒரே இரவில் கெட்டுப்போன கடன்களா இவை? பல ஆண்டுகளாகக் கெட்டுக் கிடந்தவை. அதுவரை மேற்பார்வை என்ன செய்துகொண்டிருந்தது? இந்தக் கேள்விக்கு ரிசர்வ் வங்கியும் பதில் சொல்ல வேண்டும்.

எல்லோருக்கும் மேலே ஒருவர் இருக்கிறார். அவர் வங்கியின் உரிமையாளர். 1969 ஜூலை 19-ஆம் தேதி 14 வங்கிகளும், 1980-இல் 6 வங்கிகளும் நாட்டுடைமை ஆயின. அன்றிலிருந்து தலைவரை அமர்த்துவதும், இயக்குநர்களை நியமிப்பதும், எந்தத் துறைக்குக் கடன் பெருக வேண்டும் என்று சொல்வதும் மத்திய அரசு. 2018-இல் அன்றைய ரிசர்வ் வங்கி ஆளுநர் உர்ஜித் படேல், அரசு வங்கிகளின் இயக்குநர்களை நீக்கும் அதிகாரம் தங்களுக்கு இல்லை என்று வெளிப்படையாகவே சொன்னார். நியமிக்கும் அதிகாரம் யாரிடமோ, விளக்கம் சொல்லும் கடமையும் அவரிடமே. இதில் கட்சி பார்க்க இடமில்லை. கடன் பெருகிய காலம் ஒரு கூட்டணியின் ஆட்சி. அது வெளிவந்து, நமது பணத்தால் அடைக்கப்பட்ட காலம் இன்னொரு கூட்டணியின் ஆட்சி. இரு தரப்பும் மற்றவரைக் கைகாட்டி மேடையில் பேசின. இரு தரப்பும் வங்கி வாரியாக உண்மையை எழுதி மக்கள் முன் வைக்க முன்வரவில்லை.

நம் வீட்டு வாசலிலேயே இருக்கும் ஒரு சான்றைப் பார்ப்போம். ஆர்பத்நாட் விழுந்த பிறகு சர் ஜார்ஜ் ஆர்பத்நாட் மீது வழக்கு நடந்தது. வெள்ளைக்கார ஆட்சியிலேயே அந்த வெள்ளைக்கார முதலாளிக்கு 18 மாதக் கடுங்காவல் கிடைத்தது. அந்த இடிபாட்டிலிருந்துதான் வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலானோர் முன்னின்று 1907-இல் இந்தியன் வங்கியைத் தொடங்கினார்கள். இன்று நம் யூனியன் பிரதேசத்தின் முன்னோடி வங்கி அதுதான். அந்த வங்கியே 1995-96-இல் 1,336 கோடி நஷ்டம் காட்டியது. அதுவரை இந்திய வங்கி எதுவும் அவ்வளவு நஷ்டம் கண்டதில்லை. அரசு மூலதனம் கொடுத்தது. 2000-இல் தலைவராகப் பொறுப்பேற்ற ரஞ்சனா குமார் காலத்தில் வங்கி நிமிர்ந்து, 2001-02-இல் மீண்டும் லாபம் கண்டது. அவருக்கு முன்பிருந்த தலைவர் ஒருவர் மீது வழக்குகள் நடந்து தண்டனையும் வந்தது. மீட்பு பலன் தரும் என்பதற்கு இது சான்று. ஆனால் குற்ற வழக்கு தனி மனிதரோடு நின்றுவிடும். அது சட்டத்தின் இயல்பு. அமர்த்தியவர் ஏன் கவனிக்கவில்லை என்ற கேள்வி குற்றப்பத்திரிகையில் இடம் பெறாது. அந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டதன் விளைவு இருபதாண்டில் தெரிந்தது. அதே சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் ஓவர்சீஸ் வங்கி 2015 அக்டோபர் முதல் 2021 செப்டம்பர் வரை ரிசர்வ் வங்கியின் கட்டுப்பாட்டு நடவடிக்கையின் கீழ் கிடந்தது. 2019-20-இல் மட்டும் 8,500 கோடிக்கு மேல் நஷ்டம். மறுபடியும் மீட்டோம். மறுபடியும் கேட்காமல் விட்டோம்.

இதற்கு மறுப்புச் சொல்பவர்கள் உண்டு. அவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். "அரசு கையில் இருப்பதால்தான் இந்தக் கேடு; தனியாருக்கு விற்றுவிடுங்கள்" என்பது முதல் மறுப்பு. 1926-இல் கரூரில் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கி தனியார் வங்கிதானே? 2020 நவம்பர் 17-ஆம் தேதி அதன் வாடிக்கையாளர்கள் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்று அறிவிப்பு வந்தது. பத்து நாளில் அது டி.பி.எஸ். வங்கியோடு இணைக்கப்பட்டது. பணம் போட்டவர்கள் தப்பினார்கள். ஆனால் பங்கு வைத்திருந்த கொங்கு நாட்டுச் சிறு முதலீட்டாளர்களின் சேமிப்பு பூஜ்யமானது. அதே ஆண்டு மார்ச்சில் யெஸ் வங்கி விழுந்தபோது அதைத் தூக்கி நிறுத்த முன்னின்றது யார்? அரசின் ஸ்டேட் வங்கி. ஆக, தனியார் வங்கி கவிழ்ந்தாலும் கடைசியில் மக்கள் சொத்தைத்தான் தேடி வருகிறார்கள். உரிமை யாரிடம் இருந்தாலும் மேற்பார்வையும் விளக்கம் சொல்லும் கடமையும் இல்லாவிட்டால் வங்கி கவிழும். விற்பது பொறுப்பைக் கை மாற்றும், பொறுப்பை உண்டாக்காது.

"அரசு ரொக்கமாகவா கொடுத்தது? கடன் பத்திரமாகத்தானே கொடுத்தது? இப்போது வங்கிகள் லாபமும் ஈட்டுகின்றனவே" என்பது இரண்டாவது மறுப்பு. 3 லட்சத்து 10 ஆயிரம் கோடியில் 2 லட்சத்து 76 ஆயிரம் கோடி பத்திரமாகவே போனது, உண்மை. அரசு பத்திரம் வெளியிட்டது. வங்கிகள் அதை வாங்கின. அந்தப் பணத்தையே அரசு மூலதனமாகத் திருப்பிப் போட்டது. ஆனால் அந்தப் பத்திரத்துக்கு ஆண்டுதோறும் வட்டி கட்டுவது கருவூலம். முதிரும்போது அசலும் அங்கிருந்துதான் போக வேண்டும். அந்த வட்டி வரும் ஒவ்வொரு பட்ஜெட்டிலும் ஒரு பள்ளிக்கூடமாக, ஒரு மருத்துவமனையாகக் குறைகிறது. அரசு வங்கிகள் 2024-25-இல் சேர்ந்து 1 லட்சத்து 78 ஆயிரம் கோடி லாபம் ஈட்டியதும் உண்மை, மகிழ்ச்சி. அதற்கு முன் நடந்ததையும் நினைவில் வையுங்கள். 2022 மார்ச் வரையிலான ஐந்து ஆண்டுகளில் நம் வங்கிகள் 10 லட்சம் கோடிக்கு மேல் வாராக்கடனை ஏட்டிலிருந்து நீக்கின. இது கடன் தள்ளுபடி அல்ல, வசூல் உரிமை அப்படியே இருக்கிறது என்று அரசு விளக்கியது. சட்டப்படி அது சரிதான். ஆனால் அப்படி நீக்கிய கணக்குகளிலிருந்து அதே காலத்தில் மீண்டது சுமார் 1 லட்சத்து 32 ஆயிரம் கோடி. லாபம் வந்துவிட்டது என்பதற்காக விசாரணை வேண்டாம் என்றால், குணமான நோயாளிக்கு நோய் ஏன் வந்தது என்று பார்க்கவே கூடாது என்றாகிவிடும்.

"இப்படி விசாரணை விசாரணை என்று பயமுறுத்தினால் எந்த மேலாளர் கடன் கொடுப்பார்? கோப்பில் கையெழுத்துப் போடவே அஞ்சுவாரே" என்பது மூன்றாவது மறுப்பு. இது நேர்மையான கவலை. வங்கி ஊழியர்கள் இதை அனுபவித்தவர்கள். அதனால்தான் ஒரு கோடு கிழிக்க வேண்டும் என்கிறேன். கணிப்புத் தவறுவது குற்றமாகாது. தவறியதை மறைப்பது குற்றம். நல்லெண்ணத்தோடு கொடுத்துத் திரும்பாத கடனுக்கு மேலாளரைத் துன்புறுத்தக் கூடாது. ஆனால் கெட்ட கடனை நல்ல கடனாக ஏட்டில் எழுதச் சொன்னவர் யார், மேலிருந்து தொலைபேசியில் பரிந்துரைத்தவர் யார் என்பது வெளியே வர வேண்டும். உண்மையில், வெளிப்படையான விசாரணை கீழ்நிலை ஊழியருக்குப் பாதுகாப்பு. இன்று என்ன நடக்கிறது? மேலிடத்தின் வாய்மொழிக்குச் சாட்சி இல்லை. கிளை மேலாளரின் கையெழுத்துக்குச் சாட்சி இருக்கிறது. அதனால் சிக்குபவர் அவரே.

இப்படிக் கேட்க முடியுமா என்று ஐயப்படுகிறவர்களுக்கு ஐஸ்லாந்தைக் காட்டுகிறேன். 2008-இல் அந்த நாட்டின் மூன்று பெரிய வங்கிகளும் ஒரே வாரத்தில் விழுந்தன. அன்று அதன் மக்கள் தொகை 3 லட்சத்துக்குச் சற்று மேல். நம் யூனியன் பிரதேசத்தில் கால் பங்குதான். அந்தச் சின்ன நாட்டு நாடாளுமன்றம் ஒரு சிறப்பு விசாரணைக் குழுவை அமைத்தது. 2010 ஏப்ரலில் 2,000 பக்கங்களுக்கு மேல் அறிக்கை வந்தது. வங்கியாளர்களை மட்டுமல்லாமல் அமைச்சர்களையும் மத்திய வங்கித் தலைமையையும் பெயர் சொல்லி, யார் எங்கே கடமை தவறினார்கள் என்று அந்த அறிக்கை எழுதியது. தலைநகரின் நாடக அரங்கில் நடிகர்கள் அந்த அறிக்கையை இரவு பகலாக மேடையில் வாய்விட்டு வாசித்தார்கள். மக்கள் வந்து உட்கார்ந்து கேட்டார்கள். பின்னர் பல வங்கித் தலைவர்கள் சிறை சென்றார்கள். தங்கள் பணம் எப்படிப் போனது என்பதை ஒரு நாட்டு மக்கள் காதால் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். 140 கோடிப் பேர் கொண்ட நாடு நாம். நமக்கு அப்படி ஓர் அறிக்கை கிடைத்ததா? மதிப்பீட்டுக் குழு பேசியது. தலைமைக் கணக்குத் தணிக்கையர் 2017-இல், மூலதனம் பகிர்ந்தளித்த அளவுகோல் ஆண்டுக்கு ஆண்டு மாறியதைச் சுட்டிக்காட்டினார். அவை பயனுள்ளவை. ஆனால் வங்கி வாரியாக, பெயரோடும் நாளோடும், மக்கள் படிக்கும் மொழியில் ஒரு முழு விசாரணை நமக்கு வரவில்லை.

ஆகவே மூன்று கோரிக்கைகளை இந்த அவையின் முன் வைக்கிறேன். ஒன்று, கருவூலத்திலிருந்து மூலதனம் பெறும் எந்த வங்கியைப் பற்றியும் இரண்டாண்டுக்குள் தனி விசாரணை நடந்து, அறிக்கை நாடாளுமன்றத்தில் வைக்கப்பட வேண்டும்; தமிழிலும் வெளியாக வேண்டும். இரண்டு, ரிசர்வ் வங்கியின் ஆய்வறிக்கைகளும் பெருங்கடன் பாக்கிதாரர் பட்டியலும் மக்களுக்குக் கிடைக்க வேண்டும். தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் இவற்றைத் தர வேண்டும் என்று 2015 டிசம்பரில் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்திருக்கிறது. மூன்று, அமைச்சகத்திலிருந்து வங்கிக்குப் போகும் எந்தப் பரிந்துரையும் எழுத்தில் இருக்க வேண்டும்.

மக்கள் கேட்டால் நடக்குமா? நடந்திருக்கிறது. 2017-இல் வந்த நிதித் தீர்வு மசோதாவில், வங்கியின் நஷ்டத்தை வைப்புதாரர் தலையில் கட்ட வழி செய்யும் பிரிவு இருந்தது. நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. 2018 ஆகஸ்டில் மசோதாவே திரும்பப் பெறப்பட்டது. 27 ஆண்டுகள் 1 லட்சத்தில் நின்ற வைப்புக் காப்பீடு 2020-இல் 5 லட்சமாக உயர்ந்தது. நம் பணத்துக்கு ஆபத்து என்றபோது குரல் கொடுத்தோம், வென்றோம். பொதுப் பணத்துக்கும் அதே குரலைக் கொடுங்கள். புதுவைக்கு மக்களவையில் ஓர் உறுப்பினர், மாநிலங்களவையில் ஓர் உறுப்பினர் இருக்கிறார்கள். இருவரும் எந்தக் கட்சியாக இருந்தாலும் அவர்களுக்கு எழுதுங்கள். தெருவுக்கு வரும்போது நிறுத்திக் கேளுங்கள். "எங்கள் பணத்தால் வங்கிகளை மீட்டீர்கள், நன்று. அந்த மீட்புக்கான கணக்கு எங்கே?" என்று கேளுங்கள். பதில் வரும்வரை கேளுங்கள்.